விடு எண்டு நான் கத்தினது

தம்பி,

சுகமாய் இருக்கிறியோ எண்டு கேட்டுத்தான் ஒரு கடிதத்தைத் தொடங்கவேணும். நான் கேக்கேல்லை. நீ சுகமாய்த்தான் இருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யன்னல் சீலைக்குப் பின்னால நிண்டு உன்னைப் பாக்கிறனான். ரெய்னர்ஸ் லேனில எங்கட றோட்டில, பக்கத்து வீட்டு வேலிக்கு முன்னால காரை நிப்பாட்டிப்போட்டு, எஞ்சினையும் ஓவ் பண்ணாமல் உள்ளுக்கே குந்திக்கொண்டிருப்பாய். உன்ர மனிசி ஆரணி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள்ள வருவாள், தேத்தண்ணி குடிப்பாள், அப்பாவோட கொஞ்ச நேரம் கதைப்பாள், பேந்து பிள்ளையின்ர சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவாள். மே மாசம் அந்த ஏரியில நடந்ததுக்குப் பிறகு நீ இந்த வாசல்படி மிதிக்கேல்லை. வாற சனிக்கிழமை மூண்டுபேரும் கனடாவுக்குப் போறியள். காருக்குள்ள இருந்தபடியே கையைக் காட்டிப்போட்டுப் போயிடுவியோ எண்ட பயத்தில எனக்கு இந்த ஒரு கிழமையாய்ச் சோறு இறங்கேல்லை. பயம் எண்டு சொல்ல எனக்கு வெக்கம் ஒண்டும் இல்லை.

இப்பிடி இருக்கேக்கைதான் செவ்வாய்க்கிழமை உன்ர மெசேஜ் வந்தது. ஆரணியின்ர தமையன் அங்கை ஒன்ராறியோ ஏரியில சமன் மீன் பிடிக்கப் போட் வாங்கியிருக்கிறாராம், அதில டவுன்றிகர் பூட்டப் போறியளாம், பத்து றாத்தல் குண்டுக்கு றிலீஸ் கிளிப்பை எவ்வளவு இறுக்கமாய் வைக்கிறது எண்டு கேட்டிருந்தாய். முன்னுக்கு ஒரு அம்மா இல்லை, பின்னுக்கு ஒரு நன்றி இல்லை, பார்மசியில மருந்து கேக்கிற மாதிரி ஒரு வரி. ஆனா நான் அதை எத்தினை தரம் வாசிச்சன் எண்டு உனக்குத் தெரியாது. இதை இன்டர்நெட்டில தட்டியிருந்தா ஆயிரம் வெள்ளைக்காரர் படம் போட்டுச் சொல்லித் தந்திருப்பினம். அவங்களைக் கேக்காமல் நீ என்னைக் கேட்டிருக்கிறாய். அப்பாவிட்டைக் காட்டினன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசிச்சுப்போட்டு, "மறுமொழி எழுது, வடிவாய் எழுது" எண்டு மட்டும் சொன்னவர்.

தமிழில எழுதுறன் எண்டு கோவிக்காதை. இங்கிலீசில எழுதினா எனக்கு மாத்திரைப் பெட்டி லேபிள் மாதிரித்தான் வரும். இத்தினை வருசம் பார்மசிக் கவுண்டருக்குப் பின்னால நிண்டு பழகின இங்கிலீஸ் அவ்வளவுதான். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கு நீ அழுதழுது போனது இந்த ஒரு கடிதத்துக்காகவாவது பிரயோசனப்படட்டும். விளங்காத இடத்தில ஆரணியைக் கேள். அவளும் இதை முழுக்க வாசிக்கவேணும், ஏனெண்டா அவளும் பிள்ளையும் அந்தப் போட்டில ஏறப்போறவை. அவளுக்காகவும் அடியில இருந்து சொல்லுறன்.

வெயில் காலத்தில மீன் குளிர்த் தண்ணி தேடி ஆழத்துக்குப் போயிடும். சும்மா தூண்டிலைப் பின்னால இழுத்துக்கொண்டு போனா அது மேலாலதான் வரும். அதுக்காகத்தான் போட்டின்ர பின்பக்க மூலையில இந்த டவுன்றிகர் சில்லைப் பூட்டுறது. சில்லில மெல்லிசு இரும்புக் கம்பி சுத்தியிருக்கும், கம்பி நுனியில ஈயக் குண்டு. தூண்டில் தடியில இருந்து வாற தங்கூசி நூலைக் குண்டுக்குக் கிட்ட இருக்கிற கிளிப்பில கவ்வக் குடுத்து, குண்டை இறக்கிறது. குண்டு நூலை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போகும், போட் நடக்கிற வேகத்தில போகும், தூண்டில் கொழுவின பொய்மீன் பின்னால நீந்தி வரும். மீன் வந்து கவ்வி இழுத்தா கிளிப் நூலை விட்டிடும். பேந்து குண்டுக்கும் மீனுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை, நீயும் தடியும் மீனும்தான். இவ்வளவும்தான் ஆரணி, இதைத்தான் மீன்பிடிக்கிற ஆக்கள் பெரிய விஞ்ஞானம் மாதிரிக் கதைக்கிறவை.

உன்ர அப்பாவுக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது பஸ் டிப்போவில அவரோட ஷிப்ட் செய்த ஒரு ஸ்கொட்லாந்துக்காரராலை. அந்தாள் ஒரு லீவுக்குத் தன்ர ஊர் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார், திரும்பி வந்த அப்பா வேறை ஆளாய் வந்தார். அடுத்த வருசம் நானும் போனன். மழைக்குள்ள குடையைப் பிடிச்சுக்கொண்டு கரையில இருந்து அலுத்துப்போய்த்தான் போட்டில ஏறினனான். ஏறின பிறகு இறங்கேல்லை. மோர்டனில இருக்கிற மாமி, உன்ர அப்பாவின்ர தங்கச்சி, "உங்கட மனிசி மீன்பிடிக்கப் போறாவாமே" எண்டு கலியாண வீட்டில எல்லாருக்கும் கேக்கச் சொன்னவ. சொல்லட்டும் எண்டு விட்டிட்டன். அப்பாவுக்கு எஞ்சினில பிடிப்பு, எனக்குக் கிளிப்பில பிடிப்பு. மருந்து நிறுக்கிற கைக்கு அந்தச் சின்ன இறுக்கம் பிடிபட்டிட்டுது. ஏரி மீன் குழம்பிலை மண் மணக்கும், கடல் மீன் மாதிரி வராது எண்டு அப்பா முகம் சுழிப்பார். பிடிக்கிறதிலை மட்டும் ஆள் ஓயமாட்டார்.

சரி, வேலைக்கு வாறன். பூட்டேக்கை ஓரப் பலகையில வெறும் ஸ்க்ரூவை அடிச்சு விடாதையுங்கோ, கீழால இன்னொரு தட்டு வைச்சு போல்ட் போட்டு இறுக்கவேணும். முதல் பொய்மீனை ஒரு பஸ் நீளத்துக்குப் பின்னால போகவிட்டு, அது ஒழுங்காய் நீந்துதோ எண்டு பார். பிறகுதான் நூலைக் கிளிப்பில குடுக்கிறது. கிளிப்பின்ர ரெண்டு றப்பர் உதட்டுக்கு நடுவில நூலை ஆழமாய் வைச்சா இறுக்கம், நுனியில வைச்சா இளக்கம். குண்டை மெல்ல மெல்ல இறக்கு, இறக்கேக்கை தடியில இருக்கிற றீலைத் திறந்து வைச்சு நூலை விரலால கொஞ்சம் தடுத்துக்கொண்டிரு, இல்லாட்டி நூல் சிக்குப்பட்டு அரைநாள் போயிடும். குண்டு நிண்ட பிறகு தடி வில்லு மாதிரி வளையுமட்டும் நூலைச் சுத்து. மீன் அடிச்சுக் கிளிப் விட்டா அந்தத் தடி துள்ளி நிமிரும். நிமிர்ந்தவுடனை கெதியாய்ச் சுத்தவேணும், ஏனெண்டா குண்டுக்கும் தடிக்கும் நடுவில இருந்த நூல் எல்லாம் தொய்ஞ்சுபோய்க் கிடக்கும். சில்லில இருக்கிற மீற்றரையும் நம்பாதை. போட் கொஞ்சம் வேகம் கூடினா குண்டு பின்னால தள்ளுப்பட்டு மேல எழும்பிடும். மீற்றர் ஒரு ஆழம் சொல்லும், குண்டு வேறை ஆழத்தில தொங்கும். இதுக்காக நானும் அப்பாவும் ஒரு முழுக் கிழமை கதைக்காமல் இருந்த கதை உனக்குத் தெரியும், நீதானே ரெண்டு பேருக்கும் நடுவில தேத்தண்ணி கொண்டு திரிஞ்சனீ.

கிளிப் அளவுக்கு மேல இறுகினா என்ன நடக்கும் எண்டும் உனக்குத் தெரியும். உன்ர சோதினை முடிஞ்ச அந்தக் கோடையை நினைச்சுப் பார். நான் பெரிய மீன் வரும் வரும் எண்டு கிளிப்பை இறுக்கி வைச்சிருந்தன். தடி ஒருக்காலும் நிமிரேல்லை. காலமை முழுக்க ஏரியைச் சுத்திப்போட்டு ஒண்டும் இல்லை எண்டு குண்டை மேல எடுத்தா, கிளிப்புக்குப் பின்னால ஒரு சின்ன ட்ரவுட் மீன், வாயைத் திறந்தபடி செத்துப்போய்த் தொங்கினது. எப்ப கவ்வினதோ, எவ்வளவு நேரம் இழுபட்டதோ, எங்களுக்குத் தெரியாது. அதுக்குக் கிளிப்பைத் திறக்கிற பெலன் இல்லை. நீ அதைக் கரை வருமட்டும் கையில வைச்சுக்கொண்டிருந்தனீ. அண்டைக்குப் பின்னேரம் நான் குசினியில நிக்கேக்கை வந்து, பள்ளிக்கூடத்தில ரெண்டு பெடியள் உன்னைப் படுத்துற பாட்டைச் சொல்ல வெளிக்கிட்டாய். நான் திரும்பியும் பாக்காமல், விடு தம்பி, அவங்களோட உனக்கென்ன கதை எண்டு சொன்னனான். நீ விட்டிட்டாய். அதுக்குப் பிறகு அந்தக் கதையை என்னட்டை எடுக்கவே இல்லை.

இனிப் பிறேக். இதை ரெண்டு தரம் வாசி, ஆரணிக்கும் சத்தமாய் வாசிச்சுக் காட்டு. சில்லில இருக்கிற பிறேக் குண்டைத் தாங்கிற அளவுக்கு மட்டும் இறுகியிருக்கவேணும், அதுக்கு மேல ஒரு இழுவை வந்தா வழுக்கிக் கம்பியை ஓடவிடவேணும். கையால கம்பியைப் பிடிச்சு இழுத்துப் பார், முக்கி இழுத்தா வழுக்கவேணும். ஏனெண்டா ஏரி அடி தட்டையாய் இருக்காது. ஆழம் காட்டுற ஸ்கிரீனில அடி எழும்பி வாறதைப் பாத்து முன்கூட்டியே குண்டைத் தூக்காட்டி, அது கல்லுக்குள்ள மாட்டும். போட் போய்க்கொண்டிருக்கும், கம்பி அறாது, பிறேக்கும் வழுக்காட்டி, அந்தக் கம்பி போட்டின்ர பின்மூலையைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள இழுக்கும். அதைத்தான் நாங்கள் மூண்டுபேரும் மே மாசம் கண்டனாங்கள்.

நடந்ததை நான் ஒருக்காலும் ஒழுங்காய்ச் சொல்லேல்லை, இப்ப சொல்லுறன். ஆரணியும் பிள்ளையும் கரையில வாடகை வீட்டில நிண்டவை. காத்து பின்னால இருந்து வந்தது, அலை குண்டை ஆட்டி ஆட்டிக் கம்பி தானாய் இறங்கிக்கொண்டிருந்தது எண்டு, அப்பா பிறேக்கை முழுக்க இறுக்கினவர். ஆள் அதை இண்டைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டார், ஆனா இறுக்கினதை நான் கண்டனான். எஞ்சின் பிடி என்ர கையில. நீ சில்லடியில. அடி எழும்பினதை நான் பிந்தித்தான் கண்டன். டக்கெண்டு ஒரு இழுவை, போட் நிண்டு பின்மூலை கீழ போச்சு. நான் எஞ்சினை நியூட்ரலுக்குப் போட்டன், ஆனா காத்து எங்களைத் தள்ளிக்கொண்டேயிருந்தது. முதல் அலை உள்ளுக்கு வந்து என்ர சப்பாத்து நனைஞ்சது. உன்ர கை சில்லுப் பிடியில இருந்தது. நான் கத்தினன்.

"விடு! விடு!"

நான் சொன்னது, பிறேக்கை விடு, கம்பியை ஓட விடு எண்டு. நீ ரெண்டு கையையும் எடுத்து நெஞ்சுக்கு முன்னால தூக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால போனாய். நான் இன்னும் உரத்துக் கத்தினன், நீ இன்னும் ஒரு அடி பின்னால போனாய். அப்பா எழும்பி உன்னைத் தாண்டிச் சில்லைப் பிடிக்கக் குனிஞ்சவர், ரெண்டாவது அலை வந்தது, ஆள் தண்ணிக்குள்ள. லைஃப் ஜக்கெற் தானாய் ஊதிக்கொண்டது நல்லகாலம். பிறகு நீ செய்ததையும் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. குறடொண்டை எடுத்துக் கம்பியை வெட்டினது நீ. போட் நிமிர்ந்தது அதாலைதான். அவரின்ர கொலரில பிடிச்சு, காலைப் பலகையில உதைச்சு, ஒரு முழு மனிசனைத் தூக்கி உள்ளுக்குப் போட்டதும் நீ. நான் எஞ்சின் பிடியைப் பிடிச்சுக்கொண்டு முருகா முருகா எண்டு இருந்ததைத் தவிர ஒண்டும் செய்யேல்லை.

அந்தக் குளிர்த் தண்ணி அப்பாவின்ர நுரையீரலுக்குள்ள போய், நிமோனியாவாகி, ஆள் பிழைக்குமோ எண்டு தெரியாத அந்த நாளில, ஆஸ்பத்திரிக் கொறிடோரில நான் உன்னைக் கேட்டதை நீயும் மறக்கமாட்டாய், நானும் மறக்கமாட்டன். ஏன்டா கையை எடுத்தனீ, அப்பா சாகட்டும் எண்டே நிண்டனீ எண்டு கேட்டன். ஒரு தாய் கேக்கக்கூடாத கேள்வி. நீ இங்கிலீசிலதான் மறுமொழி சொன்னனீ. நீங்கள்தானே விடச் சொன்னனீங்கள், நான் தொடாமல் விட்டனான், என்ர வாழ்க்கை முழுக்க நீங்கள் அதைத்தானே சொன்னனீங்கள் எண்டு. நான் அதைச் சாட்டு எண்டுதான் நினைச்சன். செய்த பிழைக்குச் சொல் தேடுறான் எண்டு நினைச்சன். மோர்டன் மாமிக்கு ஃபோனிலையும் அப்பிடித்தான் சொன்னன், பெடியன் கையை எடுத்திட்டான், பயந்திட்டான் எண்டு. நீ பின்னால நிண்டு கேட்டுக்கொண்டிருந்தது அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அண்டைக்கு என்ர வாய் நிண்டிருக்காது, அவ்வளவு கோவம். எனக்குக் கோவம் வந்தா உள்ளதும் இல்லாததும் வரும் எண்டு உனக்குத் தெரியாததே.

போன கிழமை ஒரு விசயம் நடந்தது. அப்பா இப்ப எழும்பி நடக்கிறார், ஆனா ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது, கையிலும் பழைய பெலன் இல்லை. எண்டாலும் சும்மா இருக்கமாட்டார். பருப்புச் சட்டியை அடுப்பில இருந்து இறக்கிக்கொண்டு மேசைப்பக்கம் வந்தார். நான் பாத்திட்டுப் பதறிப்போய், விடுங்கோ, விடுங்கோ, நான் பாக்கிறன் எண்டன். அவர் விட்டார். ரெண்டு கையையும் விரிச்சு அப்பிடியே விட்டார். சட்டி நிலத்தில விழுந்து, பருப்பு அலுமாரி, கால், சீலை எல்லாம். கோதாரி, கை வழுக்கிட்டுதோ எண்டு நான் கேட்டன். அவர் அசையாமல் நிண்டு என்னைப் பாத்தார்.

"வழுக்கேல்லை. நீ விடச் சொன்னனீ, விட்டன்."

நான் சொன்னது, நீங்கள் மினக்கெடவேண்டாம், அதிலை வைச்சுப்போட்டு இருங்கோ எண்டு. அவருக்கு விளங்கினது, கையைத் திற எண்டு. நாப்பது வருசம் என்னோட ஒரே வீட்டில, ஒரே பாசையில இருக்கிற மனிசனுக்கே அந்தச் சொல் மாறிப்போச்சு. ரெண்டு பேரும் பருப்புக்கு நடுவில நிண்டனாங்கள். அவர் ஒரு துணியை எடுத்துக்கொண்டு குனிஞ்சபடி, "அண்டைக்குப் போட்டில அவனுக்கு மற்றப் பக்கமாய் விளங்கியிருக்கு, அவ்வளவுதான்" எண்டார். நான் கதிரையில இருந்திட்டன். அழுதன் எண்டு எழுதினா நீ நம்பமாட்டாய், ஆரணியைக் கேள், அடுத்த நாள் அவள் வரேக்கையும் என்ர கண் வீங்கித்தான் கிடந்தது.

பேந்து ஒவ்வொண்டாய் நினைவு வரத் தொடங்கிச்சு. உனக்குச் சொல் தெரியாமல் இல்லை தம்பி, நான்தான் உனக்கு அந்தச் சொல்லை ஒரு அர்த்தத்தோட மட்டும் தந்திருக்கிறன். நான் உன்னோட கதைச்ச தமிழில விடு எண்டா விலகு, தொடாதை, பேசாமல் இரு எண்டுதான். பள்ளிக்கூடத்துப் பெடியளைப் பற்றிச் சொன்னனீ, விடு எண்டன். என்ர கூடப்பிறந்த தம்பி எப்பிடிச் செத்தவர் எண்டு கேட்டனீ, பழைய கதை எல்லாம் உனக்கேன், விடு எண்டன். படிப்பை மாத்தப் போறன் எண்டு வந்தனீ, அப்பாவோட வாதாடாதை, விடு எண்டன். ஆரணியை முதல்முதல் கூட்டிக்கொண்டு வந்த அண்டைக்கு மாமி ஒரு குத்தல் கதை சொன்னவ, நீ எழும்பினனீ, உன்ர கையைப் பிடிச்சு விடு விடு எண்டு இருத்தினன். எல்லாத்தையும் விட்ட பிள்ளை நீ. சண்டை வராமல் இருக்கவேணும் எண்டுதான் நான் அப்பிடிச் சொன்னனான். ஊரில சண்டையைக் கண்டு ஓடி வந்த ஆக்கள் நாங்கள், வீட்டுக்குள்ளயும் ஒரு சத்தம் கேக்கக்கூடாது எண்டு நினைச்சிட்டம். அது உனக்கு எப்பிடிப் போய்ச் சேர்ந்தது எண்டு நான் பாக்கேல்லை. அண்டைக்கு அந்தப் போட்டில, நான் சொன்ன சொல்லை நான் பழக்கின மாதிரியே நீ கேட்டாய், அப்பா தண்ணிக்குள்ள போனார். இதிலை உன்ர பிழை எங்கை இருக்கு? பிறேக்கை இறுக்கினது ஒருத்தர், அடியைப் பிந்திப் பாத்ததும் கத்தினதும் ஒருத்தி. நீ சொல்லுக் கேட்டனீ.

மாமிக்கும் ஃபோன் எடுத்துச் சொல்லிப்போட்டன். பிழை என்ர, அவன்தான் தகப்பனைத் தூக்கினவன் எண்டு சொன்னன். அவ ஓமோ ஓமோ எண்டு கேட்டுப்போட்டு, பருப்புச் சட்டிக் கதையை இன்னொருக்காச் சொல்லச் சொன்னவ. இந்நேரம் மோர்டன் முழுக்க அது பரவியிருக்கும். பரவட்டும், முதல் கதை பரவினதுக்கு இதுவும் பரவத்தான் வேணும்.

அதால நான் சொல்லுறது இதுதான், கிளிப்பைவிட இது முக்கியம். அங்கை போட்டைக் கரையால அவிழ்க்க முதல், நீயும் ஆரணியும் தமையனும் நிண்டு சொல்லுகளைப் பேசி முடியுங்கோ. கம்பியை ஓட விடுறதுக்கு இளக்கு எண்டு சொல்லுங்கோ. கை வைக்கக்கூடாது எண்டா தொடாதை எண்டு சொல்லுங்கோ. இந்த ரெண்டும் ஒண்டோடொண்டு மாறாது, அலையிலையும் கேக்கும், தமையன் இங்கிலீசில கத்துற ஆள் எண்டா அதுக்கும் ரெண்டு சொல்லை முடிவெடுங்கோ. விடு எண்ட சொல்லை அந்தப் போட்டில ஏத்தாதையுங்கோ. பிள்ளைக்கும் அந்த ரெண்டு சொல்லையும் பழக்குங்கோ. குறடு சில்லுக்குப் பக்கத்தில, கை எட்டுற இடத்தில, கயிறு கட்டித் தொங்கவேணும். குண்டு மாட்டினா எஞ்சினை நியூட்ரலுக்குப் போடு, பிறேக்கை இளக்கு, போட்டை மெல்லத் திருப்பி வந்த வழியால குண்டுக்கு மேல போ, மற்றப் பக்கத்தால இழுத்தா அனேகமாய்க் கழரும். கழராட்டி வெட்டு. குண்டு போனாப் போகுது. பிள்ளை போட்டில இருக்கிற நாளில பின்காத்து எண்டா போகவே வேண்டாம், தமையன் சிரிச்சாலும் பரவாயில்லை. அவருக்கு என்ர பேரைச் சொல்லு, மனிசி ஒரு விசரி எண்டு சொல்லு, எனக்கு ஒரு கவலையும் இல்லை.

வீட்டுக்குள்ளயும் அதுதான். பிள்ளை வந்து ஏதும் சொல்லேக்கை அந்தச் சொல்லைச் சொல்லி அனுப்பிப்போடாதை. அவள் இப்பவே உன்னைப் போலதான், ஒருக்காச் சொன்னாக் காணும், பேந்து கேக்கமாட்டாள். போன ஞாயிறு என்னட்டை, ஏன் டாடி உள்ளுக்கு வாறேல்லை எண்டு கேட்டவள். எனக்கு விடு எண்ட சொல் தொண்டை வரைக்கும் வந்தது. முழுங்கிப்போட்டு, அப்பம்மா டாடியைப் பிழையாய்ப் பேசிப்போட்டன், அதுதான் எண்டு சொன்னன். அவள் யோசிச்சுப்போட்டு, சொறி சொன்னீங்களோ எண்டு கேட்டாள். இன்னும் இல்லை எண்டன். இந்தக் கடிதத்தை எழுத வைச்சதில பாதிப் பங்கு அவளுக்கு.

நீ கேட்ட கேள்விக்கு இப்பதான் வாறன். பத்து றாத்தல் குண்டுக்குக் கிளிப் எவ்வளவு இறுக்கம்? எழுத ஏலாது தம்பி. உண்மையாய்த்தான் சொல்லுறன், கதை விடேல்லை. அது சொல்லுக்குள்ள வாற சாமானில்லை, நூலைக் கையால இழுத்துப் பாத்துத்தான் பிடிபடும். குண்டின்ர பாரத்துக்கும் தண்ணியின்ர இழுவைக்கும் நூல் கழரக்கூடாது, ஆனா ஒரு சின்ன மீன் அடிச்சாலும் திறக்கவேணும், அந்த நடுவில ஒரு இடம் இருக்கு. நான் பிடிக்க நீ இழுத்தா ஒரு நிமிசத்தில கைக்கு விளங்கிடும், பேந்து சாகுமட்டும் மறக்காது.

எங்கட பழைய சில்லைக் கழட்டிக் கழுவி எண்ணெய் போட்டு வைச்சிருக்கிறன், அதையும் நீதான் கொண்டுபோகவேணும். அப்பா நேற்றுப் பின்னேரம் தோட்டத்தில உடுப்புக் காயப்போடுற தூணில கிளிப்பைக் கொழுவி, நூலை வைச்சு இழுத்துப் பாத்துக்கொண்டு நிண்டார். கிளிப் திறக்கேல்லை. கிளிப் இறுக்கமோ, என்ர கைதான் ஏலாமல் போச்சோ தெரியேல்லை எண்டார். நான் வாங்கி இழுத்தன், எனக்குத் திறந்தது, ஆனா நான் இழுத்தா எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லும். அவன்ர கை வேணும் எண்டு அப்பா சொல்லிப்போட்டு, கிளிப்பை அங்கையே கொழுவினபடி விட்டிட்டு வந்தார். மழை தூறினது, எடுக்கவோ எண்டு கேட்டன். கிடக்கட்டும் எண்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வா. காரை வாசலுக்கு நேர நிப்பாட்டி, எஞ்சினை ஓவ் பண்ணிப்போட்டு, இறங்கி வா. பேந்து நாங்கள் ரெண்டுபேரும் தோட்டத்துக்குப் போவம். நான் கிளிப்பைப் பிடிக்கிறன், நீ இழு. இளக்கு எண்டு நீ சொன்னா இளக்கிறன். தொடாதை எண்டு சொன்னாலும் கையை எடுத்துப்போட்டு, பேசாமல் உனக்குப் பக்கத்தில நிப்பன்.

அம்மா